சாண் கோச்சி, முழக் கோச்சி

காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
அதில் கட்டில், தையல் மெஷின், அரிசி டின்,
அலுமாரி என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஒன்று.
மிச்சத்தில் கோச்சி ஓட வேண்டும்.

பகலெல்லாம் கொட்டகலை டவுனில் போன் திருத்துகிறேன்.
கண்ணில் லென்ஸ், விரலில் டுவீசர்.
சின்னதென்றால் பயமில்லை எனக்கு.
அதனால் முதலில் நினைத்தது நூற்று அறுபதில் ஒன்று.
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
எங்கள் பன்னிரண்டு காம்பரா லயம்
தொங்கல் வீட்டிலிருந்து தொங்கல் வீடு வரை
சரியாக ஒரு சாண்.
தீப்பெட்டிக்குள் இரண்டு குடும்பம் வைக்கலாம்.
‘இப்ப மட்டும் என்னவாம்’ என்றாள் புஷ்பகாந்தி,
ஊசியில் நூல் கோத்தபடி.

இன்னொன்று எழுபத்தாறில் ஒன்று.
அதே லயம் ஒரு முழமும் ஓர் அங்குலமும்.

வழக்கெல்லாம் வளைவில்தான்.
சாண் கோச்சி திரும்ப ஒரு சாண் ஆரம் போதும்;
இரண்டடிப் பலகையில் சுற்றிவிட்டு
இரு ஓரமும் நாலு விரல் மிஞ்சும்.
முழக் கோச்சிக்கு விட்டமே இரண்டரை அடி.
பலகையைத் தாண்டிக்
கட்டிலில் படுத்திருப்பவர் மேல் குதிக்கும்.

நிஜம் பார்த்தால் எதுவும் நிஜமில்லை.
நம் மலைப்பாதையின் நெருக்கமான வளைவு நூறு மீட்டர்;
நூற்று அறுபதால் வகுத்தாலும் இரண்டடிக்கு அடங்காது.
நம் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம்;
பெட்டியில் வருவதோ
ஒன்றரை மில்லிமீட்டர் ஒடுக்கம்.
போகட்டும்.
தெமோதரையில், இறங்க இடம் போதாமல்,
கோச்சி ஒரு வட்டமடித்துத்
தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைகிறதே,
அந்தக் கணக்கும்
ஏதோ பில்லின் பின்பக்கத்தில் பிறந்திருக்கும்.

தெமோதரை என்று முடிவெடுத்தேன். சாண் அளவு.
ஆர்டர் பட்டனில் விரல்.

‘அதுல நான் எவ்வளவு இருப்பேன்?’

ஒரு சென்டிமீட்டர்.

‘மூஞ்சி?’

கடுகைவிடச் சின்னது. கண் வைக்க முடியாது.
கொழுந்துக் கூடை வைக்கலாம், தெரியும்.

மெஷினை மிதித்தாள்.
ஒரு பாவாடை விளிம்பு முழுக்க ஓடி முடிந்தது.
‘நான் கொழுந்தெடுத்த ஆறு வருஷமும்
பங்களாவுல இருந்து பார்த்தா
அந்த அளவுதான்.’

முழ அளவு என்றால் இரண்டு சென்டிமீட்டர்.
பொட்டு வைக்கலாம்.
மூக்குத்திக்கு முயன்று பார்க்கலாம்.
ஆனால் சுற்றாது, என்றேன்.
சுவரோரம் எட்டடி நீளத் தட்டு, ஒரு சாண் அகலம்.
போகும், நிற்கும், பின்னுக்கு வரும். அவ்வளவுதான்.

‘சுத்தி எங்க போகப் போகுது?
ஹட்டன்ல வந்து நின்னாப் போதும்.
யாரு எறங்குறாங்கன்னு தெரியணும்.’

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்.
சறுக்கினேன். அடி ஒன்றும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலகை அடித்தேன்.
கதவு உள்ளே திறக்கும் என்பது
கடைசி ஆணிக்குப் பிறகு ஞாபகம் வந்தது.
எட்டடி ஏழடியானது.
பிளாட்பாரத்தில் இரண்டு பெட்டிதான் நிற்கும்;
மூன்றாவது அரிசி டின்னுக்கு மேலே
அட்டைச் சுரங்கத்துக்குள்.

முதலில் இறங்குபவன் தவநேசன்.
என் தம்பி. டோஹா போய் நாலு வருஷம்.
இரண்டு சென்டிமீட்டர், இரண்டு மில்லி.
அவள் தலைமுடி ஒன்றை ஈர்க்கில் கட்டி
இஸ்தோப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து
புருவம் வரைந்தேன். சட்டை நீலம்.
பைக்கு என்ன நிறம் என்று தெரியவில்லை.

‘வரும்போது என்ன கலர் பேக்?’
என்று போட்டேன்.
ஒற்றை டிக்.
முடி காயாதிருக்க
தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.